உள்ளே என்ன?

திருப்பதியில் காலை உணவுக்கு நேரம் காலம் கிடையாது. மலையிலிருந்து இறங்கியவர்களும் மலை ஏறப்போகிறவர்களும் எதிரெதிரே வந்து பசியோடு நிற்கிற நேரம் எதுவோ, அதுதான் அந்த ஊரின் காலை. ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பொழுது புலரும் முன்பே இட்லிப் பானையின் மூடி திறக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம் பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருகிறது. பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்தே மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்: ராஜமுந்திரிக்காரருக்குத் தெலுங்கு, சேலத்துக்காரருக்குத் தமிழ், ஹூப்ளிக்காரருக்குக் கன்னடம். எத்தனை இட்லி, என்ன சட்னி என்பதைத் தவிர வேறு கேள்வி எழுவதில்லை. இட்லிக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இட்லிக்குள் இட்லிதான்.

மாலையில் காட்சி மாறுகிறது. 1954இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் மட்டுமே இருந்த காலம் போய், 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்தபின் திருப்பதி வட இந்திய, வடகிழக்கு மாணவர்களையும் பார்க்கிறது. மாணவர்கள் திரியும் எந்த இந்திய ஊரிலும் இன்று மூன்றடுக்கு அலுமினியப் பாத்திரம் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக, கொசுவம் வைத்து மடித்த சிறு மூட்டைகள்: மோமோ. கொஞ்சம் விலை கூடிய, குளிரூட்டிய கடை என்றால் அதன் சீனத்து உறவினரான டிம் சம். இங்கேதான் காலையில் யாரும் கேட்காத கேள்வி முதலில் வந்து விழுகிறது. தெலுங்கில் "லோபல ஏமுந்தி?" சித்தூர்த் தமிழில் "உள்ள என்னா வெச்சிருக்கீங்க?"

அசைவமா, சைவமா என்பது மட்டும் அல்ல அந்தக் கேள்வி. எந்த இறைச்சி? எந்த எண்ணெய்? சைவத்தை வேகவைத்த தட்டும் அசைவத்தை வேகவைத்த தட்டும் ஒன்றா? கோவிந்தா சொல்லிவிட்டு வந்த வாயால் தின்னலாமா? மலை மேலே மாமிசத்துக்கும் மதுவுக்கும் புகையிலைக்கும் தடை; கீழே ஊரில் அப்படி இல்லை. மலைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற மனிதன் கேட்கிற கேள்வி அது. கடைக்காரர் சொல்லும் பதிலை நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. தோலுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் கடிக்க வேண்டும். கடித்தபின் தெரிந்து என்ன பயன்?

மூடிய உணவு எல்லாமே நம்பிக்கைக் கடன்தான். இதை யாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் தென்சீனத்துக் கான்டன் சமையல்காரர்கள். அங்கே டிம் சம் என்பது ஒரு பண்டத்தின் பெயரே அல்ல. நெஞ்சைத் தொடுவது என்பதுபோல் பொருள் சொல்லப்படும் அந்தச் சொல், தேநீரோடு தின்னும் சின்னச் சின்னப் பண்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. 'தேநீர் குடிக்கப் போகலாம்' என்றுதான் அழைப்பார்கள். போன இடத்தில் வயிறு நிறைந்துவிடும். நம் ஊரில் 'ஒரு காபி சாப்பிடலாமே' என்று அழைத்துப்போய் இரண்டு இட்லி, ஒரு வடை, அரைத் தோசை என்று முடிவதைப்போல. டிபன் என்ற சொல்லும் ஆங்கிலேயரின் பேச்சுவழக்கில் இடையே ஏதோ கொஞ்சம் அருந்துவதைக் குறித்துப் புறப்பட்டதுதான். இந்தியாவுக்கு வந்து அது சாப்பாடாகிவிட்டது.

கான்டன் தேநீர்க் கடையில் சாப்பிடுகிறவர்களின் வழக்கங்கள் தனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டி முதல் பேரன் வரை வட்ட மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். மூங்கில் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளுவண்டியில் வரும். ஒவ்வொரு கூடையிலும் மூன்று அல்லது நான்கு உருண்டைகள்தான். பங்கிட்டுத் தின்ன வேண்டும். தேநீர்க் கூஜா காலியானால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மூடியைச் சற்றே திறந்து வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும். அடுத்தவர் கோப்பையில் தேநீர் ஊற்றினால் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் மேஜையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். மாறுவேடத்தில் வந்த சக்கரவர்த்தி ஒருவர் தம் பரிவாரத்துக்குத் தேநீர் ஊற்றினாராம். விழுந்து வணங்கினால் வேஷம் கலைந்துவிடும் என்பதால் அவர்கள் விரல்களை மடக்கி மேஜைமேல் வணங்கினார்களாம். கதைதான். ஆனால் அந்தத் தட்டல் இன்றும் கேட்கிறது.

இந்தக் கூட்டத்தில் ராணி என்று கருதப்படுவது ஹா காவ் என்ற இறால் கொழுக்கட்டை. அதன் தோலைச் சாதாரண மாவில் செய்வதில்லை. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்தைக் கொதிநீரில் பிசைந்து, காகிதம்போல் தட்டி, ஏழு எட்டு மடிப்புகளுக்குக் குறையாமல் கொசுவி மூடுகிறார்கள். ஆவியில் வெந்ததும் தோல் கண்ணாடிபோல் ஆகிவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இறால் தெரியும். மேலே உள்ள தோல் கிழியாமல் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே இருப்பதை மறைக்கவும் கூடாது. சமையல்காரரின் திறமைக்கு அதுதான் பரீட்சை. உள்ளே என்ன என்ற கேள்வி வாயிலிருந்து வருவதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் சீனத்து விநோதம் என்று தள்ளிவிட முடியாது. மாவுத் தோல், உள்ளே பூரணம், ஆவியில் வேக்காடு என்ற மூன்றையும் சேர்த்தால் தமிழில் அதற்குப் பெயர் கொழுக்கட்டை. தெலுங்கில் குடுமுலு. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இரவு மதுரையைச் சுற்றிக்காட்டும்போது உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தைப் பற்றிச் சொல்கிறார். பகலெல்லாம் விற்றுக் களைத்த பண்ட வாணிகர் நள்ளிரவில் தூங்கி விழுகிற காட்சி அது. அந்த உள்ளீடு பருப்பும் தேங்காயும் என்கிறது பழைய உரை. மதுரைத் தெருவில் மூடிய பண்டம் விற்றவரிடமும் யாரோ ஒருவர் உள்ளே என்ன என்று கேட்டிருக்கத்தான் வேண்டும்.

ஆவியில் வேகவைப்பதைப் பற்றியே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்தியர்களிடம் பானையும் சட்டியும் உண்டு, ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் தெரியாது என்று குறித்துவைத்தார். உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆசயா இதைப் பிடித்துக்கொண்டு இட்லியின் பூர்விகத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கினார். 920ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட கன்னட நூலான வட்டாராதனையில் இட்டலிகெ என்ற பெயர் வருகிறது. 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசத்திலும் அதன் உறவுப் பெயர் உண்டு. ஆனால் அவற்றில் உளுந்து மட்டுமே இருக்கிறது. அரிசி இல்லை, மாவைப் புளிக்கவைப்பது இல்லை, நீண்ட ஆவி வேக்காடும் இல்லை. இவையெல்லாம் இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்பது ஆசயாவின் ஊகம்.

ஊகம் சுவையானதுதான். ஆனால் ஆவிக்குத் தனிப் பாத்திரம் எதற்கு? பானையில் நீரைக் கொதிக்கவிட்டு, வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் மாவை ஊற்றி மூடினால் போதும். ஆந்திரக் கிராமங்களில் 'ஆவிரி குடுமு' என்ற உளுந்துப் பண்டம் அப்படித்தான் வேகிறது. மதுரையில் வந்திக் கிழவியின் பிட்டுக்காகச் சிவன் மண் சுமந்த கதை திருவாசகத்திலேயே பேசப்படுகிறது. கூலியாகக் கடவுளே கேட்டு வாங்கிய பண்டம் பிட்டு என்றால், அது அந்தக் காலத்துக்கு முன்பே ஊரறிந்த பண்டமாக இருந்திருக்க வேண்டும். விருந்தாளி சமையலறைக்குள் எட்டிப்பார்க்காமல் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பானையே இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனாலும் சீனப் பண்டம் என்ற பெயர் ஒட்டினால் நம்பிக்கைக் கணக்கு மாறித்தான் போகிறது. இதை இந்தியாவில் மிகக் கசப்பாக அனுபவித்தவர்கள் கல்கத்தாச் சீனர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்யூ என்பவர் ஹூக்ளி நதிக்கரையில் கரும்பாலை வைக்க வந்ததிலிருந்து தொடங்குகிறது அவர்கள் கதை. அந்த இடத்துக்கு இன்றும் அச்சிப்பூர் என்றே பெயர். தச்சர்களும் தோல் பதனிடுகிறவர்களும் பல் மருத்துவர்களும் தொடர்ந்து வந்தார்கள். லால்பஜாருக்கு அருகே டிரெட்டி பஜார் சந்துகளில் விடியற்காலையில் அவர்கள் வீட்டுப் பண்டங்களைக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார்கள். மீன் உருண்டை மிதக்கும் சூப், பன்றிக்கறி அடைத்த பாவ், வாய் திறந்த ஷூமாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சூரியன் மேலே ஏறுவதற்குள் சட்டிகள் காலியாகிவிடும். பிந்தி வந்தவர்களுக்கு வாசனைதான் மிஞ்சும். கூடியிருந்து தின்றவர்களில் வங்காளிகளும் மார்வாடிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் உண்டு. தெருவோரத்தில் நின்றபடி, என்ன ஏது என்று ஆராயாமல் தின்றார்கள்.

1962இல் எல்லையில் போர் மூண்டது. சீன வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அசாம், மேகாலயா, டார்ஜிலிங் பகுதிகளிலிருந்து சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு அனுப்பியது அரசு. பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். சிலர் திரும்பி வருவதற்கு ஆண்டுகள் ஆயின. வந்தபோது வீடும் கடையும் கைமாறிப் போயிருந்தன. கல்கத்தாவில் இருந்தவர்களும் கண்காணிப்பில் வாழ்ந்தார்கள். அதன்பின் பல குடும்பங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன. ஒரு காலத்தில் பெரும் குடியிருப்பாக இருந்த சமூகத்தில் இன்று எஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். டிரெட்டி பஜாரின் காலைக் கடைகளும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டன. கொழுக்கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தின்றவர்கள் கேட்கவில்லை. மனிதர்களுக்குள் என்ன இருக்கிறது என்று நாடு கேட்டது. பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை.

2020 ஜூனில் கல்வானில் மோதல் நடந்தபோது சீன உணவு விற்கும் ஓட்டல்களைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு மத்திய அமைச்சரே பேசினார். தடை செய்திருந்தால் யாருக்கு நஷ்டம்? இந்தியாவில் சீன உணவு என்று விற்பதில் பெரும்பகுதியைச் சீனத்தில் யாருக்கும் தெரியாது. சிக்கன் மஞ்சூரியனை 1975இல் பம்பாயில் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் நெல்சன் வாங் கல்கத்தாவில் பிறந்தவர். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று கரம் மசாலாவை மட்டும் ஒதுக்கிவிட்டு இந்தியச் சமையலாகவே அதைத் தொடங்கி, சோயா சாஸ் ஊற்றி முடித்தார். அதன் சைவப் பிள்ளையான கோபி மஞ்சூரியன் இல்லாத கல்யாண வரவேற்பு இன்று சித்தூரிலும் இல்லை, வேலூரிலும் இல்லை. அதில் கலந்த செயற்கைச் சாயத்துக்காகக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை விதித்தது என்றால், அது சீனா மீதான சந்தேகம் அல்ல. நம் ஊர்ச் சாயப் புட்டி மீதான சந்தேகம்.

சந்தேகம் வெளியூர்ப் பண்டத்தின் மீது மட்டுமே பாயும் என்ற நினைப்பைத் திருப்பதியே உடைத்தது. மலைமேல் சாப்பிடுகிறவர்களின் அனுபவம் உலகில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று. 1985இல் தொடங்கிய நித்திய அன்னதானம் இப்போது தரிகொண்டா வெங்கமாம்பா பெயரிலான கூடத்தில் நடக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்தில் பிறந்து 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பக்திக் கவி அவர். இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, ஊராரின் வசவுகளைத் தாண்டி மலையேறியவர். 2011இல் திறந்த அந்தக் கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்காருகிறார்கள். பக்கத்து இலைக்காரர் யார் என்று தெரியாது. சமைத்தவர் யார் என்றும் தெரியாது. சர்க்கரைப் பொங்கல், சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வந்து விழுகிறது. கேள்வி கேட்காமல் கை வாய்க்குப் போகிறது. 2002இல் மலைமேல் 106 சூரியத் தட்டுகளை நிறுத்தி, அவற்றின் வெப்பத்தில் நீராவி உண்டாக்கி, சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் ஏற்பாடும் செய்தார்கள். டிம் சம் கூடையை வேகவைக்கும் அதே ஆவிதான், அளவுதான் மலையளவு.

அதே மலையிலிருந்துதான் லட்டும் இறங்கி வருகிறது. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். சாமி கும்பிட்டு வந்தவர் அதை உடைத்து அலுவலகம் முழுவதும் பகிர்வார். வாங்குகிறவர் எந்த மதம் என்றும் பார்ப்பதில்லை. 2024 செப்டம்பரில் அந்த லட்டுக்கான நெய்யில் விலங்குக் கொழுப்புக் கலந்திருந்தது என்று ஆந்திர முதலமைச்சரே முந்தைய ஆட்சியின் மீது குற்றஞ்சாட்டினார். முன்னாள் ஆட்சியாளர்கள் மறுத்தார்கள். கோயிலில் சாந்தி ஹோமம் நடந்தது. கடவுளை அரசியலிலிருந்து விலக்கி வைக்கும்படி கண்டித்த உச்ச நீதிமன்றம், அக்டோபர் 4 அன்று ஐவர் கொண்ட சுதந்திரமான புலனாய்வுக் குழுவை அமைக்க உத்தரவிட்டது. சி.பி.ஐ.யிலிருந்து இருவர், மாநிலக் காவல்துறையிலிருந்து இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து ஒருவர்.

வழக்கு அதன் வழியில் போகும். சாப்பிட்டவர்களுக்கு நேர்ந்தது வேறு. வாழ்நாள் முழுவதும் கேட்காத ஒரு கேள்வியை அவர்கள் அந்த ஒரு வாரத்தில் கேட்டுவிட்டார்கள். மோமோ வண்டிக்காரரிடம் அதட்டலாகக் கேட்டுப் பழகிய அதே கேள்வியைப் பிரசாதத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: உள்ளே என்ன? லட்டு விற்பனை நிற்கவில்லை, வரிசையும் குறையவில்லை. பக்தி அப்படிச் சட்டென்று ஆவியாகிற பொருள் அல்ல. ஆனால் வாயில் போடுமுன் ஒரு கணம் கை நின்றது என்று சொன்னவர்கள் உண்டு. அந்த ஒரு கணம்தான் நஷ்டம். அதை எந்த விசாரணைக் குழுவும் மீட்டுத் தர முடியாது.

மூலத்தை அறிய முடியாத காலத்தில் ஊர்ப் பெயரும் இனப் பெயரும் நம்பிக்கையின் குறுக்குவழிகள் ஆகிவிடுகின்றன. நம்மவர் சமைத்தது நல்லது, அயலார் சமைத்தது ஐயத்துக்குரியது. ஆனால் சித்தூர் மாவட்டத்தில் நம்மவர் யார் என்பதற்கே விடை அவ்வப்போது மாறியிருக்கிறது. 1911இல் வட ஆற்காட்டையும் கடப்பையையும் வெட்டி ஒட்டிச் செய்த மாவட்டம் அது. 1953இல் ஆந்திராவுக்குப் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்தது; பதிலுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சில அங்கே போயின. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமாகப் பிரிந்தது. இத்தனை கோடுகள் போட்டும் சித்தூர் அடுப்படியில் ஒரு கோடும் விழவில்லை. ராகிக் களி அங்கே சங்கடி, வேலூரில் களி. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரே பூரணம் ஒரு வீட்டில் குடுமு ஆகிறது, அடுத்த வீட்டில் கொழுக்கட்டை ஆகிறது.

சித்தூரிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் காணிப்பாக்கம். அங்கே கிணற்றுக்குள்ளிருந்து எழுந்தவராகச் சொல்லப்படும் வரசித்தி விநாயகர், வழக்குத் தீர்க்கும் கடவுள். கடன் வாங்கவில்லை, களவு செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் குளித்துவிட்டு அவர் முன் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் தண்டிப்பார் என்பது நம்பிக்கை. சந்நிதிக்குள் நுழையும் முன்பே உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் பலர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருகிற தெய்வத்துக்குப் பிடித்த நைவேத்தியம், உள்ளே இருப்பதை மூடி மறைத்த மோதகம். முரண்பாடு போலத் தோன்றும். அப்படி இல்லை. மூடிய பண்டத்தைக் கண்ணை மூடித் தின்ன வேண்டுமானால், செய்தவர் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் சட்டப்படி வந்துவிட்டன. தெருவோரத்தில் ஆவி பறக்கும் பாத்திரத்தில் எந்தப் புள்ளியை ஒட்டுவது? அங்கே பழைய வழிதான் செல்லும். வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து, மொழி தெரியாத ஊரில் மோமோ விற்கும் பையனிடம் வாடிக்கையாளர் சந்தேகத்தோடு கேட்கிறார். அரைகுறைத் தெலுங்கில் வாதாடுவதைவிட அவன் ஒன்றைப் பிட்டுக் காட்டினால் போதும்: கோஸ், கேரட், வெங்காயம். அதற்கப்புறம் தட்டு காலியாகிவிடும்.

எதையும் ஒளிக்காமல் சொல்வதற்குத் தமிழில் 'புட்டுப் புட்டு வைப்பது' என்கிறோம். சிவன் மண் சுமந்து வாங்கித் தின்ற பண்டத்தின் பெயர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மோமோ விற்கிற பையனால் முடிகிற இந்தக் காரியம், பெரிய சமையலறைகளின் பெரிய மனிதர்களாலும் முடிய வேண்டும்.